ஒரு டன் தீவனத்தில் ஓர் அரிசி எடை நஞ்சு

நாமக்கல் பக்கம் ஐம்பதாயிரம் முட்டைக்கோழிகள் வளரும் ஒரு பண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். 93 விழுக்காட்டில் நின்ற முட்டை உற்பத்தி பத்து நாளில் 88-க்கு இறங்குகிறது. கோழிகள் கொத்தாகச் சாகவில்லை, சளியும் இல்லை, கழிச்சலும் இல்லை. முட்டை மட்டும் நாளொன்றுக்கு 2,500 குறைந்துவிட்டது. பண்ணையாளர் முதலில் வெயிலைச் சந்தேகிக்கிறார். பிறகு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, அதன் பிறகு தடுப்பூசியை, கடைசியில் குஞ்சு கொடுத்தவர்களை. தீவனத்தின் மேல் கண் போகும்போது தீவனத்துக்கு வாங்கிய அந்தச் சுமை மக்காச்சோளம் அரைபட்டு, கோழிகள் தின்று, எச்சமாகி வெளியேறியிருக்கும். சோதித்துப் பார்க்கக் கைப்பிடி தானியம்கூட மிச்சமிருக்காது.

பூஞ்சை நச்சின் வழி பெரும்பாலும் இதுதான். அது அரிதாகவே கூட்டமாகக் கொல்கிறது. பெரும்பாலான நேரங்களில் கோழியின் ஈரலைக் கொஞ்சமும் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சமும் தின்றுவிட்டு, பழியை வேறொரு நோயின் மேல் போட்டுவிட்டுப் போகிறது.

அளவைக் கேட்டால் நம்புவது கடினம். கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்திருக்கும் தரத்தில், அஃப்ளாடாக்சின் பி1 என்ற நச்சுக்கான உச்சவரம்பு 20 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு. ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஐம்பதாயிரம் கோழிகள் ஆளுக்கு 110 கிராம் வீதம் நாளைக்கு ஐந்தரை டன் தின்கின்றன. அத்தனை தீவனத்திலும் சேர்த்து ஐந்தாறு அரிசி எடைக்கு மேல் அந்த நஞ்சு இருக்கக் கூடாது என்பதுதான் விதி. இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ கண்டுபிடித்துவிடலாம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இழப்பு அந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது.

வான்கோழிகள் காட்டிய நஞ்சு

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்தன. காரணம் தெரியாததால் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். வாத்துக்குஞ்சுகளும் விழுந்தன. கிருமி தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கு என்பது தெரிந்தது. அதில் வளர்ந்திருந்த பூஞ்சை அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அந்தப் பெயரின் முதலெழுத்தையும் ‘ஃப்ளா’வையும் சேர்த்துத்தான் ‘அஃப்ளாடாக்சின்’ என்ற சொல் பிறந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவை பி வகை, பச்சையாக ஒளிர்ந்தவை ஜி வகை. இவற்றில் மிகக் கொடியது பி1.

நம் நாட்டுக்கும் பாடம் வெகு சீக்கிரமே வந்தது. 1966-ல் அன்றைய மைசூர் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோழிக்குஞ்சுகள் இதே நஞ்சால் மடிந்தது பதிவாகியிருக்கிறது. அங்கும் காரணம் கடலைப் பிண்ணாக்குதான். 1974-ல் குஜராத்தின் பஞ்ச்மகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டங்களில் அது மனிதர்களையே தாக்கியது. அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைப் பழங்குடிக் குடும்பங்களில் 397 பேருக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் வந்தன. 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளின் நாய்களும் செத்தன. வேறு சாப்பாடு இல்லாததால் பூஞ்சை பிடித்ததைத் தின்றவர்கள் அவர்கள். கோழித் தீவனத்தைப் பற்றி எழுதும்போதும் அந்த எண்ணிக்கையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஈரலில் நடப்பது

அஃப்ளாடாக்சின் உடலுக்குள் போகும்போது அவ்வளவு கொடியதல்ல. அதைக் கொடியதாக்குவது ஈரலே. வெளியிலிருந்து வரும் எந்த வேதிப்பொருளையும் உடைத்து வெளியேற்றப் பார்ப்பது ஈரலின் வேலை. அந்த முயற்சியில் அது பி1-ஐ இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அந்த வடிவம் உயிரணுவின் மரபுப் பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் புரத உற்பத்தி தடைபடுகிறது. கொழுப்பை ஈரலிலிருந்து வெளியே எடுத்துச் செல்லவும் புரதம் வேண்டும். அது இல்லாமல் கொழுப்பு அங்கேயே தேங்குகிறது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி, மஞ்சள் பூத்து, தொட்டால் உதிர்வதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முட்டைக்கோழிக்கு இது இரட்டை அடி. மஞ்சள் கருவுக்கான புரதமும் கொழுப்பும் ஈரலில் உருவாகி, இரத்தத்தின் வழியே சினைப்பைக்குப் போகின்றன. ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பருத்து முழுமையாக ஒரு வாரத்துக்கும் மேலாகும். எனவே இன்று தின்ற நச்சுத் தீவனத்தின் விளைவு இன்றைய முட்டையில் தெரியாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து முட்டை சிறுக்கும், எண்ணிக்கை குறையும். இந்த இடைவெளிதான் துப்புத் துலக்க முடியாமல் செய்கிறது. ஒவ்வொரு அரவையிலும் ஒரு கிலோவைத் தேதி எழுதிக் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு மாதம் எடுத்துவைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மர்மம் பாதி தீர்ந்துவிடும். செலவில்லாத இந்த வேலையைச் செய்யும் பண்ணைகள் மிகக் குறைவு.

தீவனத்திலுள்ள நிறமிகளை உடல் ஏற்பதும் குறைவதால் கால்கள் வெளிறுகின்றன, மஞ்சள் கரு மங்குகிறது. இரத்தம் உறையத் தேவையான பொருள்களும் ஈரலிலிருந்தே வர வேண்டும் என்பதால், கறிக்கோழியில் பிடித்த இடமெல்லாம் கன்றிப்போகிறது. கறிக்கடைக்காரர் அதைத் தூக்கிப் போட்டதால் வந்த காயம் என்று நினைப்பார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது எதிர்ப்புச் சக்தியின் இழப்பு. குஞ்சுப் பருவத்தில் நோய் எதிர்ப்புக்கான அணுக்கள் முதிர்வது கழுத்திலுள்ள தைமஸ் சுரப்பியிலும், ஆசனவாய்க்கு மேலேயுள்ள ஃபேப்ரீஷியஸ் பையிலும். இரண்டையும் அஃப்ளாடாக்சின் சுருக்குகிறது. வெள்ளைக்கழிச்சல், கம்போரோ ஆகிய கோழி நோய்களுக்கு ஊசியும் சொட்டு மருந்தும் சரியான நாளில் போட்டிருப்பார்கள், குளிர்ப்பெட்டியும் கெட்டிருக்காது. ஆனாலும் எதிர்ப்பொருள் அளவு எழாது. நோய் வந்துவிட்டால் தடுப்பூசி நிறுவனத்தைக் குறை சொல்வார்கள், அடுத்த முறை இன்னும் அதிக மருந்து போடுவார்கள். இன்றைய பண்ணைகளில் தேவைக்கு மேல் நுண்ணுயிர்க்கொல்லி செலவாவதில் பூஞ்சை நச்சுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எல்லாப் பறவைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. வாத்துக்குஞ்சு மிக மென்மையானது, அடுத்தது வான்கோழி. கோழி ஓரளவு தாங்கும். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவான அளவே வாத்துக்குஞ்சைக் கொன்றுவிடும். கோழிக்குஞ்சைக் கொல்ல அதைப்போல் பல மடங்கு வேண்டும். கோழியிலேயும் குஞ்சுதான் பலவீனமானது. அமெரிக்காவில் இளம் விலங்குகளுக்கு 20 பிபிபி என்றும் வளர்ந்த கோழிகளுக்கான மக்காச்சோளத்தில் 100 பிபிபி வரை என்றும் இரண்டு வரம்புகள் வைத்திருப்பது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் குஞ்சுத் தீவனத்துக்கு 5 பிபிபிக்கு மேல் அனுமதிப்பதில்லை.

மற்ற நச்சுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓக்ராடாக்சின் சிறுநீரகத்தைத் தாக்கும். யூரிக் அமிலம் வெளியேறாமல் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் படியும். டி-2 நச்சு வாயைப் புண்ணாக்கும், அலகின் ஓரத்திலும் நாக்கிலும் மஞ்சள் பொருக்குத் தட்டும். பன்றிகளைப் பாடாய்ப்படுத்தும் சியரலினோன் கோழிகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. கோழிக்குத் தனித்தனியே தாங்கக்கூடிய அளவில் அஃப்ளாடாக்சினும் ஓக்ராடாக்சினும், அல்லது அஃப்ளாடாக்சினும் டி-2வும் சேர்ந்தே வந்தால் சேதம் இரண்டின் கூட்டுத்தொகையையும் மிஞ்சும். நம் தீவனத்தில் அவை சேர்ந்து வருவதே வழக்கம்.

வயலிலேயே புகுந்துவிடுகிறது

பூஞ்சாளம் என்றால் கிட்டங்கிப் பிரச்சினை என்றே பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அஸ்பர்ஜில்லஸ் மண்ணில் வாழ்கிறது. பூக்கும் பருவத்தில் வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் கதிர்நுனி இழைகளின் வழியே மணிக்குள் இறங்கிவிடும். புழு துளைத்த கதிர் அதற்குத் திறந்த கதவு. 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோள வயல்களுக்கும் வந்துவிட்டது. அதை விளைச்சல் இழப்பாக மட்டுமே பேசினோம். துளைபட்ட கதிரில் மிஞ்சிய மணிகள் எந்த நஞ்சோடு பண்ணைக்கு வந்தன என்பதை யாரும் அதே அக்கறையோடு பேசவில்லை.

அடுத்த கண்ணி அறுவடை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மானாவாரி மக்காச்சோளம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டு, மார்கழி தை மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. மழை சொன்ன நேரத்தில் நின்றுவிட்டால் நல்லது. 2021 ஜனவரியில் நிற்கவில்லை. வழக்கத்துக்கு மாறான பெருமழை அறுவடைக்கு நின்ற பயிர்களை நனைத்துப் போட்டது. வளரும்போது வறட்சி, அறுக்கும்போது மழை என்ற வரிசை இந்தப் பூஞ்சைக்கு மிகவும் உகந்தது.

பறித்த மணியில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கும். அதை 13 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் சில நாள்களுக்குள். உழவருக்கு எங்கே வசதி இருக்கிறது? ஊருக்கு ஓர் உலர்களம் இருந்தால் பெரிது. அதனால்தான் நெடுஞ்சாலையின் ஓரமெல்லாம் மஞ்சள் பாய் விரித்ததுபோல் மக்காச்சோளம் காய்கிறது. இரவில் பனி இறங்குகிறது, காலையில் மறுபடி வெயில். காய்ந்து, நனைந்து, காய்ந்து ஓடுகிறது ஒரு வாரம். நன்றாகக் காயவைத்தவருக்கு அதற்கான கூடுதல் விலை நிச்சயமில்லை. ஈரத்தோடு விற்றால் எடை கூடுகிறது. இந்தக் கணக்கு மாறாமல் உழவரிடம் ‘காயவைத்துக் கொண்டுவாருங்கள்’ என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமில்லை. வாங்குகிற பண்ணைகளும் தீவன ஆலைகளும் ஈரப்பதமானி காட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏற்ப விலையைக் கூட்டிக் குறைத்தால்தான் களத்தில் வேலை மாறும்.

மூன்றாவது கண்ணிதான் கிட்டங்கி. அங்கே நடக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவியலின் சராசரி ஈரம் 12 என்று இருக்கலாம். பகலில் தகரக் கூரை கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. உள்ளே சூடான இடத்திலிருந்து கிளம்பும் நீராவி குளிர்ந்த மேற்பரப்பில் போய் வியர்க்கிறது. மேலடுக்கு மூட்டை ஈரமாகிறது. அங்கே பூஞ்சை முளைத்தால், அது மூச்சுவிடும்போதே வெப்பத்தையும் தண்ணீரையும் வெளியிட்டு, தனக்குத் தேவையான ஈரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வண்டும் அப்படியே. எனவே மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும், சுவரிலிருந்து ஓரடி விடுவதும், முதலில் வந்ததை முதலில் செலவழிப்பதும் எந்தப் பொடியையும்விட மதிப்புள்ளவை. கோழிக்கொட்டகைக்குள்ளும் ஒரு கிட்டங்கி இருக்கிறது, அது தீவனத் தொட்டி. தண்ணீர் நிப்பிள் ஒழுகும் இடத்தில் தொட்டியின் மூலையில் கட்டிபிடித்துக் கிடக்கும் தீவனத்தைச் சுரண்டிப் பார்த்தால் பச்சைப் பூஞ்சை தெரியும். கோடையில் தண்ணீர் தெளித்துத் தீவனம் போடுகிறவர்கள் அது மாலைவரை தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நஞ்சு நொறுங்கிய மணியிலும் தூளிலும்தான் அதிகம் சேர்கிறது. முழு மணிக்குத் தோல் காவல் இருக்கிறது, உடைந்ததற்கு இல்லை. அதனால் நல்ல சல்லடையில் சலித்துத் தூளை ஒதுக்கினாலே அஃப்ளாடாக்சினில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் புடைத்து, சொத்தையைப் பொறுக்கி எறிந்தது இதே வேலைதான். ஆனால் பல அரவை ஆலைகளில் சலித்த தூள் மீண்டும் கலவைக்கே போய்ச் சேருகிறது. எடை குறையக் கூடாது என்ற எண்ணத்தில் நஞ்சையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள்.

குத்தூசியும் ஆய்வகமும்

ஒரு லாரி மக்காச்சோளத்தில் நஞ்சு சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணிகளில் ஒன்றிரண்டு மட்டும் கடும் நஞ்சோடு இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். அதனால் கதவோரத்து மூட்டையில் குத்தூசியை ஒருமுறை செருகி எடுத்த கைப்பிடி, பரிசோதனையில் ‘5 பிபிபி’ என்று வந்தால் அந்தச் சுமை நல்லது என்று பொருளல்ல. நஞ்சுள்ள மணி அந்தக் கைப்பிடியில் அகப்படவில்லை என்றுதான் பொருள். சோதனையில் நேரும் பிழைகளில் பெரும்பங்கு கருவியில் இல்லை, மாதிரி எடுப்பதில் இருக்கிறது. சுமையின் மேல், நடு, அடி, ஓரம் எனப் பல இடங்களில் குத்தி, சில கிலோ சேர்த்து, முழுவதையும் நைசாக அரைத்து, கலந்து, அதிலிருந்து சிறு பங்கை அனுப்ப வேண்டும். அரைக்காமல் மணியாகவே பங்கு பிரித்தால் பழைய பிழையே திரும்ப வரும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இயங்குகிறது. சுற்றுவட்டாரப் பண்ணைகள் தீவன மாதிரியை அங்கே கொடுத்துச் சோதிக்கலாம். வாசலிலேயே சில நிமிடங்களில் முடிவு காட்டும் பட்டைச் சோதனைகளும் வந்துவிட்டன. புற ஊதா விளக்கில் பச்சை மஞ்சளாக ஒளிர்கிறதா என்று பார்ப்பதைப் பலர் இறுதித் தீர்ப்பாகக் கொள்கிறார்கள். அந்த ஒளிர்வு பூஞ்சை இருந்ததற்கான அறிகுறிதான், நச்சின் அளவல்ல. சந்தேகப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப அது உதவும், அவ்வளவுதான்.

பூஞ்சை தெரியவில்லையே என்பதும் ஆதாரமாகாது. பூஞ்சை காய்ந்து செத்த பிறகும் நச்சு இருக்கும். அரவையில் போகாது. குருணைத் தீவனம் தயாரிக்கும்போது கொடுக்கும் 80 டிகிரி வெப்பத்தில் பூஞ்சை சாகும், நச்சு சாகாது. அஃப்ளாடாக்சின் உருகவே 260 டிகிரிக்கு மேல் வேண்டும்.

பைண்டரால் என்ன முடியும்

பண்ணையாளர்களிடம் பேசினால் இந்த இடத்தில்தான் உரையாடல் சூடுபிடிக்கும். ‘டாக்சின் பைண்டர் போடுகிறோமே’ என்பார்கள். ஆனால் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். புரோப்பியானிக் அமிலமும் அதன் உப்புகளும் பூஞ்சைத் தடுப்பான்கள். அவை பூஞ்சை வளர்வதை நிறுத்தும், ஏற்கெனவே உருவான நச்சைத் தொடாது. பைண்டர் நச்சைக் குடலில் பிடித்துக்கொள்ளும், பூஞ்சையைக் கொல்லாது. ஈரமான மக்காச்சோளத்துக்கு முதலாவது வேண்டும். நஞ்சேறிய மக்காச்சோளத்துக்கு இரண்டாவது வேண்டும்.

பைண்டர்களில் நன்றாக நிறுவப்பட்டவை களிமண் வகைகள். 1980-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், அலுமினோசிலிக்கேட் களிமண்ணைத் தீவனத்தில் அரை விழுக்காடு கலந்தால் அஃப்ளாடாக்சினின் பாதிப்பு பெருமளவு குறைவதைக் கோழிகளிலேயே காட்டின. களிமண் நுண்ணோக்கியில் ஓலைச்சுவடிபோல் அடுக்கடுக்காக இருக்கும். அஃப்ளாடாக்சின் மூலக்கூறு தட்டையானது. ஏட்டுக்கு நடுவே செருகிய ஓலைபோல அடுக்குகளுக்கிடையே போய் மாட்டிக்கொள்கிறது, எச்சத்தோடு வெளியேறுகிறது. டி-2வும் ஓக்ராடாக்சினும் அந்த இடுக்கில் அப்படிப் பொருந்துவதில்லை. ஆகவே களிமண் அவற்றுக்கு ஏறக்குறைய உதவாது. ‘எல்லா நச்சுக்கும் ஒரே பைண்டர்’ என்று பையில் அச்சடித்திருந்தால் அதற்கான ஆதாரத்தைக் கேட்பது பண்ணையாளரின் உரிமை.

கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில இருக்கின்றன. சோதனை கோழியில் நடந்ததா, கண்ணாடிக் குடுவையிலா? குடுவையில் நச்சைப் பிடிக்கும் பொருள், குடலின் அமிலத்தையும் காரத்தையும் கடக்கும்போது அதை விட்டுவிடலாம். எந்த அளவில் சோதித்தார்கள்? ஆய்வில் டன்னுக்கு ஐந்து கிலோ போட்டுக் கிடைத்த பலனைக் காட்டி, விற்கும்போது டன்னுக்கு ஒரு கிலோ போதும் என்றால் இடையிலுள்ள நான்கு கிலோவுக்கு விளக்கம் வேண்டும். களிமண் எந்தச் சுரங்கத்தது? கட்ச் பகுதியில் நல்ல பென்டோனைட் நிறையக் கிடைக்கிறது, ஆனால் ஓரிடத்து மண் பிடிக்கும் அளவு இன்னோரிடத்து மண் பிடிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் பென்டோனைட்டை அஃப்ளாடாக்சின் பி1-ஐக் குறைக்கும் சேர்க்கைப் பொருளாக ஏற்றபோது, குறைந்தது 90 விழுக்காடு பிடிக்கும் திறன் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கோழிகளுக்கு ரோபெனிடின் என்ற இரத்தக்கழிச்சல் மருந்து கொடுக்கும்போதும், டைலோசின் போன்ற மேக்ரோலைடு மருந்துகள் கொடுக்கும்போதும் அதைத் தவிர்க்கச் சொன்னது. களிமண் மருந்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். இந்த எச்சரிக்கை நம் பண்ணைகளில் போதுமான அளவு பேசப்படுவதில்லை.

கரித்தூள் ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்கிறது. கோழியில் முடிவுகள் ஒரே சீராக இல்லை. வைட்டமின்களையும் அது விட்டுவைக்காது. ஈஸ்டின் செல்சுவர் வேறு சில நச்சுகளை ஓரளவு பிடிக்கும், குடல் நலத்துக்கும் நல்லது. ஃப்யூசேரியம் பூஞ்சையின் நச்சுகளை உடைத்துத் தீங்கில்லாதவையாக மாற்றும் நொதிகளும் நுண்ணுயிர்களும் புதிய வழி. களிமண்ணின் கைக்கு எட்டாத நச்சுகளுக்கு அந்த வழியே நம்பிக்கை தருகிறது. ஆனால் விலை அதிகம்.

ஏற்கெனவே அடிபட்ட கோழித் தொகுதிக்கு முதல் மருந்து தீவனத்தை மாற்றுவது. பிறகு ஈரலுக்குத் துணை. நச்சைக் கட்டி வெளியேற்ற ஈரல் பயன்படுத்துவது குளூட்டத்தயோன் என்ற பொருளை. அதைச் செய்ய கந்தகமுள்ள அமினோ அமிலம் வேண்டும். ஆகவே மெத்தியோனைனையும் புரதத்தையும் சற்றுக் கூட்டுகிறார்கள். தேங்கிய கொழுப்பைக் கரைக்கக் கோலின், திசுக்களைக் காக்க வைட்டமின் ஈ, செலீனியம், இரத்தம் உறைய வைட்டமின் கே. நச்சுத் தீவனம் தின்ற நாள்களில் போட்ட தடுப்பூசி பலித்ததா என்று எதிர்ப்பொருள் அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கீழாநெல்லியும் மஞ்சளும் கலந்த ஈரல் டானிக்குகள் பரவலாக விற்கின்றன. மஞ்சளைப் பொறுத்தவரை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், மஞ்சளையும் களிமண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது கறிக்கோழிக் குஞ்சுகளில் அஃப்ளாடாக்சினின் கேடு ஓரளவு குறைந்தது. ஓரளவுதான். மஞ்சளிலேயும் அஃப்ளாடாக்சின் வரும் என்பதால், சந்தையில் கழித்துப்போட்ட பூஞ்சை மஞ்சளை வாங்கிக் கலப்பது நோயைக் கொண்டு நோய்க்கு மருந்து செய்வதாகும்.

எத்தனால் ஆலையிலிருந்து வரும் புது மூட்டை

அண்மை ஆண்டுகளில் மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும் அதன் விலை ஏறியது. கூடவே எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, டிடிஜிஎஸ் என்ற பெயரில் மலிவான புரதமாகத் தீவனச் சந்தையில் குவிந்தது. சோயாப் பிண்ணாக்கைவிட விலை குறைவு என்பதால் பலர் வாங்குகிறார்கள். மணியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அது எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் போய்விடுகிறது. நச்சு நொதிப்பதில்லை, ஆவியாவதுமில்லை. மிஞ்சிய மூன்றில் ஒரு பங்குச் சக்கையில் அது அத்தனையும் தங்குகிறது. 15 பிபிபி இருந்த, வரம்புக்குள் அடங்கிய மக்காச்சோளத்தின் சக்கையில் 45 பிபிபி வரை இருக்கலாம். எத்தனால் ஆலைகள் மனித உணவுக்கு ஆகாத, சேதமடைந்த தானியத்தையும் எடுத்துக்கொள்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த மூட்டையைச் சோதிக்காமல் கலவையில் போடக் கூடாது என்பது விளங்கும். குஞ்சுத் தீவனத்திலும் தாய்க்கோழித் தீவனத்திலும் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

முட்டை தின்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோழி தின்ற அஃப்ளாடாக்சினில் முட்டைக்குப் போவது மிக மிகக் குறைவு, சில ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கே ஆய்வுகள் காட்டுகின்றன. ஈரல் முன்னால் நின்று அடியை வாங்கிக்கொள்கிறது. முட்டையை அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய இடம் வேறு. நல்ல பண்ணை ஒன்று வாசலிலேயே சோதித்து, ஒரு லாரி மக்காச்சோளத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லாரி எங்கே போகிறது? அதை அழிப்பதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. விலையைக் குறைத்து அடுத்தவரிடம் விற்கிறார்கள். சோதிக்க வசதியில்லாத சிறு பண்ணைக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ அது போய்ச் சேருகிறது. கோழியைப் போல மாடு எளிதில் அறிகுறி காட்டாது. ஆனால் தின்ற பி1-ல் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பங்குவரை எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கிவிடும். முட்டையோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 5.7 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88.